காய்ந்த ஒரு ஜோடி காலுறை: குனோங் தஹான் மலையேற்ற அனுபவம்

குனோங் தஹான் போகத் திட்டமிடுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றித்தான். 2187 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் இதைவிட உயரமான மலை கிடையாது. ஆனால் போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலை 4095 மீட்டர். அதோடு வைத்துப் பார்த்தால் இது பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கினபாலு ஏறி இறங்கியவர்கள் சிலர் அதனாலேயே இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த உயரத்தில் காற்று குறைந்து தலை சுற்றப்போவதில்லை. இங்கே ஆளைச் சாய்ப்பது ஈரம். ஆறு, வியர்வை, மழை, மேகம் என்று ஒன்று மாற்றி ஒன்று நனைத்துக்கொண்டே இருக்கும். நனையாமல் போய்வருவது எப்படி என்று யோசிப்பதில் பிரயோஜனம் இல்லை. நனைந்த உடம்போடு நாள்கணக்கில் எப்படி நடப்பது, எப்படித் தூங்குவது, எப்படிக் குளிர் வாங்காமல் இருப்பது, இதைக் கற்றுக்கொண்டால் பாதி மலை ஏறிய மாதிரி.

மலை பகாங் மாநிலத்தில், கிளந்தான் மாநில எல்லையை ஒட்டி, தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பழைய பாதை குவாலா தஹான் பக்கமிருந்து வருவது. 1905-ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹெர்பர்ட் ராபின்சன் தலைமையிலான குழு அந்தப் பக்கத்திலிருந்துதான், ஆற்றைப் பிடித்துக்கொண்டு போய், உச்சியை எட்டியது. அந்த வழியில் போனால் ஒரு பக்கத்துக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்; போய்வர ஒரு வாரம் ஆகும். நாங்கள் போனது மெராபோ வழி. சுங்கை ரெலாவில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் பதிந்துகொண்டு, ஃபோர் வீல் வண்டியில் குவாலா ஜூராம் வரை போய், அங்கிருந்து நடை. பொதுவாக மூன்று நான்கு நாளில் முடிக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் நான்கு நாளே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் நாள் சொகுசுக்காக இல்லை, ஆற்றுக்காக. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உரிமம் உள்ள வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அது சரியான விதி. வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மலைப்பாதையையே மூடிவிடுவார்கள். அதுவும் சரிதான். கிளம்புவதற்கு முன்னால் ரேஞ்சர்கள் மூட்டையைத் திறக்கச் சொல்லி, குப்பையாகக் கூடிய பொருள்களை எல்லாம் எண்ணி எழுதிக்கொள்வார்கள். பிஸ்கட் உறை, மெகி பாக்கெட், பேட்டரி, கேஸ் டப்பா எல்லாமே கணக்கு. திரும்பி வரும்போது பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதலில் தொல்லையாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே போய் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வீட்டிலேயே உறைகளைப் பிரித்து, சாப்பாட்டை வேளைவாரியாக ஒரே பையில் கட்டிக்கொண்டு போனால் எண்ணவும் சுலபம், சுமையும் குறையும்.

மூட்டை கட்டுவதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். ஆற்றில் இடுப்பளவு நின்றால் அடிப்பக்கமாக ஏறும். பைக்கு உள்ளே தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். தூங்கும் பையும் இரவு உடையும் அதற்குள்ளே இன்னொரு பையில் இருக்க வேண்டும். இந்த இரவு உடைதான் மிக முக்கியம்: ஒரு சட்டை, ஒரு நீளக் காற்சட்டை, ஒரு ஜோடி காலுறை. இவை கூடாரத்துக்குள் மட்டும்தான். காலையில் எழுந்து, நேற்றைய ஈர உடையை, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற அதே காலுறையை, மறுபடியும் மாட்டிக்கொள்ள வேண்டும். உடம்பெல்லாம் கூசும். காய்ந்ததைப் போட்டுக்கொண்டே நடந்துவிடலாமே என்று மனசு கெஞ்சும். விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் நடந்தால் உடம்புச் சூட்டில் ஈரம் மறந்துவிடும். காய்ந்த உடையை நனைத்துவிட்டால் அன்றைய ராத்திரியை மீட்க வழியே இல்லை.

காலுக்கு எது என்பதில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. விலை உயர்ந்த, தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பாதையில் முதல் ஆற்றிலேயே தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விடும். அப்புறம் வெளியே வராது. எங்கள் வழிகாட்டி போட்டிருந்தது, கம்போங் அடிடாஸ் என்று எல்லோரும் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர்கள் போடுவார்களே, அதேதான். முழுக்க ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு, கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். சேற்றிலும் வேரிலும் அது பிடித்து நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உள்ளே மெத்தை எதுவும் கிடையாது. பழகாத கால் இறக்கத்தில் நொந்துபோகும். அதனால் எது போட்டாலும் சரி, தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், அதைப் போட்டு முன்பே நனைந்த காலோடு நாலைந்து மணிநேரம் நடந்து பார்த்திருக்க வேண்டும். காய்ந்த காலில் உறுத்தாத சப்பாத்து ஈரக் காலில் தோலை உரிக்கும்.

குவாலா ஜூராமிலிருந்து கெம் கோர் என்ற முகாம் வரை ஆறும் ஓடையும்தான். திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். சில இடத்தில் கணுக்கால், சில இடத்தில் தொடை. நாங்கள் போன அன்று காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, கூழாங்கல் எண்ணலாம். ஒரு கடவுக்கு மத்தியானம் வந்து சேர்ந்தபோது எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். நான் இறங்கப் போனேன். வழிகாட்டி கையை நீட்டித் தடுத்தார். "அபாங், ஏன்?" என்றேன் (மலாய் மொழியில் அபாங் என்றால் அண்ணன்). பதில் சொல்லாமல் தண்ணீரைக் காட்டினார். நிறம் லேசாகத் தேநீர் பக்கம் திரும்பியிருந்தது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் வரிசையாக மிதந்து வந்தன. கரையோரக் கல்லில் ஒரு விரல் அளவு உயரம் புதிதாக நனைந்திருந்தது. மேலே எங்கேயோ நல்ல மழை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நான் கால் வைக்கப் பார்த்த கல் தண்ணீருக்குள் போய்விட்டது. சத்தமும் மாறியது; சலசலப்பு போய் ஓர் அடிக்குரல் உறுமல் வந்தது.

உட்கார்ந்துவிட்டோம். தேநீர் போட்டோம். இந்த மாதிரி மலையாறுகள் எவ்வளவு வேகமாக ஏறுமோ, மழை நின்றால் அவ்வளவு சீக்கிரம் இறங்கவும் செய்யும். காத்திருக்க நேரம் இருக்கிறவனுக்கு ஆறு ஆபத்தில்லை. நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டும் என்று அவசரத்தில் இறங்குகிறவனுக்குத்தான் ஆபத்து. நான்காவது நாளை ஆற்றுக்காக என்று சொன்னது இதனால்தான்.

இறங்கும்போது: இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் மூட்டையை உதறத் தெரிய வேண்டும். குறுகலான இடம் சீக்கிரம் கடந்துவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் ஆழமும் இழுப்பும். ஆறு அகன்று பரவுகிற இடத்தைத் தேடுங்கள். ஓட்டம் வரும் பக்கம் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். சப்பாத்தைக் கழற்றாதீர்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் வழிகாட்டி கயிறு கட்டுகிறாரா, காத்திருக்கச் சொல்கிறாரா, அவர் சொல்வதே முடிவு.

அட்டை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இரண்டு வகை பார்ப்பீர்கள். தரையிலிருந்து ஏறும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. சாயங்காலம் காலுறை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். புலி அட்டை இலைகளில் இருக்கும். உடம்பில் மஞ்சள் கோடு, கடித்தால் சுருக்கென்று உறைக்கும், இடுப்பிலும் கழுத்திலும்கூட வந்து ஒட்டும். நெருக்கமாக நெய்த நீளமான அட்டைக் காலுறை போட்டு, காற்சட்டையை அதற்குள் சொருகினால் கீழே இருப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம். கடித்துவிட்டால் நெருப்பு வைப்பது, உப்புக் கொட்டுவது எதுவும் வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். மெல்லிய முனைதான் வாய்; அதற்குப் பக்கத்தில் நகத்தை வைத்து, தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது எதையோ சேர்த்துவிடுவதால், கடிவாய் ரொம்ப நேரம் கசியும். சுத்தம் செய்து அழுத்திக் கட்டினால் போதும். பயப்பட ஒன்றுமில்லை. சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். ஈரத்தில் சொறிந்த புண் ஆறாது.

அட்டையைவிட நான் மதிப்பது பிரம்புக் கொடியை. அதன் நீண்ட நுனியில் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்த முள் வரிசையாக இருக்கும். சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், சட்டையோடு தோலும் போகும். நின்று, ஓர் அடி பின்னால் வைத்து, கழற்றிவிட்டுப் போங்கள். வழுக்கும்போது கைக்கு எட்டியதைப் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கூடாரம் போடும்போது தரையைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரமோ முறிந்து தொங்கும் கிளையோ மேலே இருந்தால் அந்த இடம் வேண்டாம். இந்தக் காட்டில் எனக்கு உண்மையான பயம் என்றால் அது ராத்திரி மழையில் மரம் முறியும் சத்தம்தான். புலியைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கெம் கோரைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பம். பெர்மாத்தாங் முகாம், அப்புறம் சுமார் 1400 மீட்டரில் கூபாங் முகாம். அடிவாரத்தில் அண்ணாந்தாலும் உச்சி தெரியாத மரங்கள். காற்று அசையாது, வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் தசை பிடித்துக்கொள்ளும், குமட்டும். உப்புக் கரைசல் பொடியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், உப்பான எதையாவது கொறித்துக்கொண்டே இருங்கள். ஏற ஏற மரம் குட்டையாகிறது. அடிமரத்தில் பாசி முழங்கை கனத்துக்குப் போர்த்தியிருக்கும். அழுத்தினால் தண்ணீர் விரலிடுக்கில் வழியும். மழை பெய்யாத நேரத்திலும் அந்தப் பாசி மேகத்திலிருந்து தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. பெலுமுட் முகாம் தாண்டி போன்சாய் முகாமுக்கு வந்தால், மரங்கள் ஆள் உயரம்கூட இல்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இந்த மலைத்தொடர் மணற்கல்லும் குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லும் சேர்ந்தது; மண்ணில் சத்து இல்லை, காற்றோ ஓயாது.

அங்கேதான் குளிரை நேருக்கு நேர் பார்த்தோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது தெரிந்த கணக்குதான். கீழே 30 என்றால் மேலே பகலில் 17, 18. எண்ணைப் பார்த்தால் சுகமான குளிர் மாதிரி இருக்கும். ஆனால் நனைந்த சட்டையோடு திறந்தவெளிக் காற்றில் நின்றால் அந்த 17 டிகிரி வேறு. எங்களோடு வந்த தம்பிக்கு இருபத்து சொச்சம் வயது, காற்பந்து ஆடும் உடம்பு, எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஏறியவன். மழையில் காத்திருந்தபோது நன்றாக நடுங்கினான். கொஞ்ச நேரத்தில் எது கேட்டாலும் "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொன்னான். உறை பிரிக்காத சாக்லேட் ஒன்றைக் கொடுத்தேன். விரல் இரண்டும் உறையின் ஓரத்தைத் தேடித் தேடி வழுக்கின. பிரிக்க முடியவில்லை. பல்லால் கடித்தான், அதுவும் நழுவியது. அவனுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தான்.

வழிகாட்டி அதைப் பார்த்ததும் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னார். ஈர உடையை எல்லாம் கழற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இருந்த காய்ந்த உடையைப் போட்டு, தூங்கும் பைக்குள் தள்ளினோம். கூட வந்த அக்கா மைலோவில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, ஒவ்வொரு வாயாகக் குடிக்கவைத்தார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது அவன் தானாக ஒரு வாக்கியம் பேச. காய்ந்த உடை ஒரு செட் அவனிடம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

குளிர் விறைப்பு, அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குவது, பனிமலையில் மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். நடுங்குவது முதல் அடையாளம். பேச்சு குழறுவது, நடை தடுமாறுவது, கைவிரல் சின்ன வேலைக்கு ஒத்துழைக்காதது, இவை அடுத்தவை. நடுக்கம் நின்று ஆள் அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் மோசமான கட்டம். பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது என்பதால் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். பருத்திச் சட்டை வேண்டவே வேண்டாம். அது தண்ணீரை விடாது. ஓய்வுக்கு நின்றால், நின்றதும் காற்றுத் தடுக்கும் மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள், குளிரத் தொடங்கிய பிறகு அல்ல. மேட்டில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள்.

உச்சிக்கு விடியுமுன் கிளம்பினோம். மத்தியானத்துக்கு மேல் இடிமழை வருவது இங்கே வழக்கம், போத்தாக் முகாமுக்கு மேல் ஒதுங்க மரமே கிடையாது. மின்னலுக்கு நாம்தான் உயரமான பொருள். அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதல் நாள் ராத்திரியே பேசி முடிவு செய்துவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் பாதி மலையை மூடியிருந்தது. பாதையோரம் வெள்ளை மணலில், முட்டளவுப் புதருக்கு நடுவே, குடுவைச்செடிகள். பச்சையும் சிவப்புமாக, மூடி திறந்து, உள்ளே முக்கால் தண்ணீர். குனிந்து பார்த்தால் செத்த எறும்புகள் மிதந்தன. மண்ணில் கிடைக்காத சத்தை அந்தச் செடி பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த மேட்டு நிலத்தையும் பக்கத்து மலைகளையும் விட்டால் வேறெங்கும் இல்லாத செடிகள் இங்கே உண்டு. கால் வைக்கும்போது பாதையை விட்டு இறங்காதீர்கள். இவ்வளவு மெதுவாக வளரும் ஒன்றைப் படம் எடுப்பதற்காக மிதித்துவிட்டுப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதை எங்கள் குழுவிலேயே சத்தமாகச் சொன்னேன்.

இறக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறும்போது நெஞ்சு வேலை செய்கிறது. இறங்கும்போது முட்டியும் கால் நகமும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னே நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். படியேறிப் பயிற்சி எடுக்கிறவர்கள் மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். மூட்டையோடு படியில் இறங்கிப் பழகுங்கள், அதுதான் இங்கே உதவும். ஒவ்வொரு ராத்திரியும் காலைத் துடைத்து, விரலிடுக்கைக் காயவிட்டு, பாதத்தைப் பாருங்கள். வெளுத்துச் சுருங்கியிருப்பது சகஜம். வெளுப்பு காலைக்குள் மாறாமல் இருந்தாலோ, மரத்துப்போனாலோ, நடக்கையில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலோ ஈரம் ஆழமாகப் பாதித்திருக்கிறது. வழிகாட்டியிடம் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். காலையில் ஈரக் காலுறை மாட்டுமுன் பாதம் முழுக்க வாஸ்லின் தடவுவது எனக்கு நன்றாக உதவியது.

வீடு வந்து சேர்ந்த பிறகும் ஒரு மாதம் உடம்பைக் கவனியுங்கள். ஆற்றுத் தண்ணீரும் சேறும் தோலில் இருக்கும் கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியைக் கொண்டுவரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகத் தெரியும். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியாவும் மலேசியக் காடுகளில் இருக்கிறது. அது நாளுக்கு நாள் வேகமாக முற்றக்கூடியது. இரண்டுமே சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். எங்கள் குழுவில் ஒருவருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், காட்டுக்குப் போனதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை போனபோது சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்து எலிக்காய்ச்சல் என்று தெரிந்து சிகிச்சை கொடுத்தார்கள், குணமாகிவிட்டார். காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக எந்தக் காட்டில், எந்தத் தேதியில் இருந்தோம், ஆற்றில் இறங்கினோமா என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.